எந்தக் கம்பம் என்று கேட்ட வகுப்பு

திங்கட்கிழமை காலை முதல் மணிக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஞானம்மாளைக் காணோம். எதிர்க்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து முதல் படகில் கடல் தாண்டி, துறையிலிருந்து நடந்தே வந்து, எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கதவைத் திறந்து வைப்பவர் அவர். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றதில்லை. வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிடுகிறேன் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். வந்தது அவர் இல்லை. படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் ராமையா. நம் பழைய மாணவன். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"டீச்சரம்மா முதப் படகுல வரலைங்க ஐயா. ரெண்டாவது படகுல அவங்க தம்பி வந்தாரு. காலைல எழுப்பப் போனாங்களாம்..."

மீதியை நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. செத்துப்போனவர் மேல் கால் மணி நேரம் கோபப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகள் வரிசையில் நின்றுவிட்டதால் மணியை நானே அடித்தேன்.

ஞானம்மாளிடம் படித்தவர்களும், அவரோடு வேலை பார்த்தவர்களும், தங்கள் பிள்ளைகளை அவரிடம் விட்டவர்களும்தான் இதை வாசிக்கப்போகிறீர்கள். உங்களுக்கு அவரைப் பற்றி நான் என்ன புதிதாகச் சொல்லிவிட முடியும்? ஒன்றே ஒன்று உண்டு. அவரை நம் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்புவதற்கு ஒரு முறை ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவன் தலைமையாசிரியனான நான். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்து நாலு பக்கம் எழுதினால் அவரே எழுந்து வந்து சிரிப்பார்.

முதலில் அவர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்புக்கு இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடக் கமிட்டியிடம் கேட்டிருந்தேன். அவர்கள் அனுப்பியது கையில் ஒரு கறுப்புக் குடையோடு வந்த முப்பது வயதுப் பெண்மணியை. எனக்கு முகம் கறுத்துவிட்டது. வேண்டுமென்றே புணர்ச்சி விதியில் ஒரு முடிச்சான கேள்வியைப் போட்டேன். வேறு யாராக இருந்தாலும் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார்கள். நானே அப்படித்தான் செய்திருப்பேன். ஞானம்மாள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியலைங்க ஐயா. கேட்டுட்டு வந்து நாளைக்குச் சொல்றேன்" என்றார். சொன்னபடி மறுநாள் வந்தார். விடை சரியாக இருந்தது. யாரைக் கேட்டீர்கள் என்றேன். தங்கள் மாதா கோயில் உபதேசியாரைக் கேட்டதாகவும், அவருக்கும் தெரியாமல் அவர் இன்னொருவரைக் கேட்டதாகவும், ஆக நேற்று மாலை பாகான் டாலாமில் மூன்று பேர் இலக்கணம் படித்ததாகவும் சொன்னார். வேலைக்கு வைத்துக்கொள்ளாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

அவருக்குப் பேச்சில் ஒரு குறும்பு உண்டு. காலையில் என்னைப் பார்த்ததும் இந்த ஊர் வழக்கப்படி "பசியாறியாச்சா ஐயா?" என்பார். கும்பகோணத்தில் பிறந்தவன் நான். காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுதல் என்று பெயர் வைத்த ஊரை எனக்குப் பிடித்திருந்தாலும், வாய் கேட்காது. "சாப்பிட்டாயிற்று" என்பேன். "சாப்பிட்டது சரிங்க. பசி ஆறிச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்.

சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பாட அட்டவணையில் கை வைத்தார். தினமும் முதல் பத்து நிமிஷம் தமக்கு வேண்டும் என்றார். எதற்கு? ஒவ்வொரு பிள்ளையும் நேற்றிலிருந்து தனக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதை யாரிடம் கேட்டால் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாள் கேட்டுக்கொண்டு வர வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. அட்டவணையில் அதற்கு 'அறியாமைப் பாடம்' என்று நானே கேலியாக எழுதி வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேர் பொருத்தமாக இருக்கிறது என்று கடைசிவரை அதையே வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அந்த வகுப்புப் போடும் சத்தம் இருக்கிறதே, பக்கத்து வகுப்பில் நான் வாயைத் திறக்க முடியாது. வகுப்பை அடக்கும் சாமர்த்தியம் ஞானம்மாளுக்குக் கொஞ்சமும் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாட்டும் வராது. பூகோளப் படத்தில் பிறை ஆற்றை ஒரு முறை தெற்கே ஓடவிட்டார். ஆனால் அவருடைய பிள்ளைகள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரிந்தார்கள். கடல் ஏன் காலையில் தள்ளிப்போகிறது என்று சம்பான் படகு ஓட்டுகிறவரிடம் போனார்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்து மசாலாக் கடை ராவுத்தரிடம் போய், ஜாதிக்காய்க்கு ஏன் அந்தப் பெயர் என்றார்கள். அவர் தமக்குத் தெரியாது என்று சொல்லி ஆளுக்கு ஒரு கற்கண்டு கொடுத்து அனுப்பினார். மறுநாள் பாதி வகுப்பு அவரிடமே சந்தேகம் கேட்கப் போய் நின்றது.

ஒரு தாய் சண்டைக்கே வந்தார். சலவை வேலை செய்கிறவர். மகள் மாரியாயி மூன்றாம் வகுப்பில் படித்தாள். எதைச் சொன்னாலும் "எதுக்கும்மா?", "யாரு சொன்னா?" என்கிறாளாம். படிக்க அனுப்பினால் தெரியாது என்று சொல்லவா கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று என் மேஜை முன்னால் நின்று சத்தம் போட்டார். அவர் சொன்னதில் எனக்கு முழுச் சம்மதம். ஞானம்மாளைக் கூப்பிட்டு அவரிடமே சொல்லச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து அதே அம்மாள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். கைக்குழந்தைக்கு இருமல் என்று பக்கத்து வீட்டில் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கரண்டி ஊற்றிக் கொடு என்று மாரியாயியிடம் சொன்னால், அவள் கொடுக்க மாட்டேன் என்று பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறாள். அது மார்பில் தேய்க்கிற தைலம். உள்ளே போயிருந்தால் பிள்ளை பிழைத்திருக்காது. பழத்தை என் மேஜையில் வைக்கப் போனவரிடம், அடுத்த அறைக்குப் போங்கள் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு நாணயம் இருந்தது. ஆனாலும் மனசு மாறியது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பாட்டிலை வைத்துப் பாடத்திட்டத்தை மாற்ற முடியுமா என்றுதான் நினைத்தேன்.

இதெல்லாம் எங்கிருந்து பிடித்தீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். தம் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். யார் எந்தப் பாஷையில் என்ன கேட்டாலும் "சரிங்க தொரை" என்று தலையாட்டிவிடுவாராம். ஒரு காலையில் துரை ஒருவன் ஏதோ கேட்டிருக்கிறான். இவர் வழக்கம்போலத் தலையாட்டியிருக்கிறார். சாயங்காலம் கப்பல் ரங்கூனுக்குப் போய்க்கொண்டிருந்தது, இவரும் அதில் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று.

"பசியாறிட்டியான்னு கேக்குறான்னு நெனச்சாராம் ஐயா" என்று சொல்லிச் சிரித்தார் ஞானம்மாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். "தலையாட்டக் கத்துக்குடுக்கப் பள்ளிக்கூடம் வேணாங்க. அது தானா வரும்."

இனி அந்தக் கடிதத்துக்கு வருகிறேன். அவர் சேர்ந்து சில வருஷம் ஆனபின், மாரியாயி மூன்றாம் வகுப்பில் இருந்த அதே வருஷம், சென்னையிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பரிசோதகர் நம் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். முதலில் என் ஐந்தாம் வகுப்பு. நான் பெருமையோடு நிற்கிறேன். வாசகப் புத்தகத்தில் ஒரு வரி: 'கம்பத்தின் உச்சியில் கொடி பறந்தது.' ஒரு பையன் கணீரென்று படித்தான். கம்பம் என்றால் என்ன என்று பரிசோதகர் கேட்டார். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில், "ஊர் ஐயா!" என்றார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலாய்க்காரர்கள் குடியிருக்கும் இடம் நமக்குக் கம்பம். நட்டு வைத்த மரத்தூணுக்கும் அதே பெயர் என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியாது. பரிசோதகர் சிரித்துக்கொண்டே, ஊரின் உச்சியில் கொடி பறக்குமா என்றார். முதல் பெஞ்சுப் பையன், பதில் சொல்வதில் புலி, துள்ளி எழுந்து, "பறக்குமே ஐயா, கொடிமலையில பறக்குதே! கீழ கம்பம் இருக்கே!" என்றான். ஊருக்கு மேலே நிற்கும் மலையின் உச்சிக் கொடியை நினைத்து மற்றவர்கள் எல்லாரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பாடத்தை நான் மூன்று முறை நடத்தியிருந்தேன். இலக்கணக் குறிப்பு எல்லாம் எழுதிப் போட்டிருந்தேன். அந்தச் சொல்லுக்கு அவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, என்னைக் கேட்க வேண்டும் என்று அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அதே சூட்டோடு அவர் மூன்றாம் வகுப்புக்குப் போனார். அதே வரியைக் கரும்பலகையில் எழுதி, அதே கேள்வியைக் கேட்டார். மாரியாயி எழுந்து நின்றாள்.

"எந்தக் கம்பங்க ஐயா? நட்டு வைக்கிற கம்பமா, ஆளுங்க குடியிருக்கிற கம்பமா?"

கேட்கிறவன் நான், பதில் சொல்கிறவள் நீ என்றார் பரிசோதகர். தெரிந்தால் சொல்லிவிடுவேன், தெரியவில்லை, அதனால்தான் கேட்கிறேன் என்றாள் அவள், மிகவும் பணிவாக. பின்னால் இருந்து இன்னும் இரண்டு பேர் கை தூக்கி, கொடி யாருடைய கொடி என்று தெரிந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்றார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டார்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. என் வகுப்புக்கு, 'வாசிப்பு நன்று; பொருளறிவில் சிறு குறை.' மூன்றாம் வகுப்புக்கு, 'பணிவு இல்லை. அதிகாரியையே எதிர்க்கேள்வி கேட்கின்றனர். ஆசிரியையின் பயிற்சி முறையே காரணம்.' கமிட்டிச் செயலாளர் என்னைத் தனியே அழைத்தார். அந்தம்மாவை அனுப்பிவிட்டால் விஷயம் முடிந்துவிடும், தலைமையாசிரியர் கையால் ஒரு கடிதம் இருந்தால் போதும் என்றார். பணிவு கெடுக்கிறவர் என்று என் கையெழுத்தோடு ஒரு காகிதம் போனால், அக்கரையிலும் இக்கரையிலும் எந்தத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் ஞானம்மாளை வாசற்படி ஏற்றாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே எழுதினேன். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் போய்விட்டால் அந்த அறிக்கையைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஐந்தாம் வகுப்பின் கொடிமலையும் அதோடு புதைந்துவிடும்.

நான் செய்ததில் இன்னும் கேவலமான பகுதி ஒன்று இருக்கிறது. என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும் என்பது ஊரறிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே போகும் எல்லாக் காகிதத்தையும் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுப்பது ஞானம்மாள்தான். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வியாழக்கிழமை மாலை, மற்றக் காகிதங்களோடு அந்தக் கடிதத்தையும் சேர்த்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பிரதிகள் என் மேஜையில் இருந்தன. அந்தக் கடிதமும் இருந்தது. முத்து முத்தான எழுத்தில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், தம்மை வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தைத் தாமே எழுதி வைத்திருந்தார். மேலே ஒரு துண்டுச் சீட்டு.

'ஐயா, மூன்றாம் வரியில் "பணிவு குறைய காரணமானவர்" என்று இருக்கிறது. "குறையக் காரணமானவர்" என்று ஒற்று மிக வேண்டுமோ? எனக்குச் சரியாகத் தெரியவில்லை. தாங்கள் பார்த்துச் சொன்னால் திருத்தி எழுதித் தருகிறேன்.'

ஒற்று மிகத்தான் வேண்டும். அவர் கேட்டது நையாண்டியா, நிஜமான சந்தேகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதன்பின் எத்தனையோ வருஷம் பக்கத்து அறையில் இருந்தார், கேட்டிருக்கலாம். அன்று அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அறியாமைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வழக்கமான சத்தம்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சனிக்கிழமை கமிட்டிக் கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன். செயலாளர் கடிதம் எங்கே என்றார். அதற்கு முன் எல்லாரும் எனக்கு ஒன்று சொல்லுங்கள், கம்பம் என்றால் என்ன என்று கேட்டேன். கமிட்டியிலேயே வயதானவர், ஜெலுத்தோங்கில் மாடு வைத்திருந்தவர், இது என்ன கேள்வி என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கம்பம்னா கம்பம்தான்லா. நான் குடியிருக்கிறதே கம்பத்துலதான்."

கொடிக்கம்பம், விளக்குக் கம்பம் எல்லாம் என்னவாம் என்று கடைக்காரர் ஒருவர் அவர் மேல் பாய்ந்தார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் இரண்டும் சரி என்றார். இரண்டும் எப்படிச் சரியாகும் என்று இருவரும் சேர்ந்து அவர் மேல் பாய்ந்தார்கள். கால் மணி நேரம் யாரையும் அடக்க முடியவில்லை. அடங்கியதும் நடந்ததைச் சொன்னேன். தப்பாகச் சொன்னது என் வகுப்பு, நாற்பது பேரும் கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல் சொன்னார்கள், நான் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். கேட்க வேண்டியதைக் கேட்டது ஞானம்மாளின் வகுப்பு. அந்தம்மா போக வேண்டும் என்றால் முதலில் நான் போகிறேன் என்றேன். அப்படியானால் பரிசோதகருக்கு என்ன பதில் எழுதுவது என்று செயலாளர் கேட்டார். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிற ஆள் என்று பெயரெடுத்த நான், அந்த ஊரில் முதன்முறையாக நாலு பேர் முன்னால், "எனக்குத் தெரியாது" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாருமாக யோசித்து ஒரு பதில் எழுதினோம்.

திங்கட்கிழமை ஞானம்மாள், "பசியாறியாச்சா ஐயா?" என்றார். "பசியாறிவிட்டேன்" என்றேன். அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த மாதம் முதல் ஐந்தாம் வகுப்பு அட்டவணையிலும் பத்து நிமிஷம் ஒதுக்கினேன். முதல் வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாததைச் சொன்னால் அடிப்பேன் என்று பயந்திருக்கிறார்கள். பிறகு நானே எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லி ஆரம்பித்து வைத்தேன். நண்டு ஏன் பக்கவாட்டில் நடக்கிறது என்பது. ஒரு மாதம் விடாமல் விசாரித்தார்கள்.

பரிசோதகரையும் குறை சொல்லி விட்டுவிடக் கூடாது. நல்ல மனிதர். மறு வருஷம் வந்தபோது மூன்றாம் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உங்களில் யாருக்காவது என்னை ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். அவரை மதியச் சாப்பாட்டுக்கு விடுவிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளைப் பதிலுக்குப் பழக்குகின்றன. நாற்பது வருஷம் நான் செய்த வேலை அதுதான், அதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போன பிறகு அவர்கள் முன்னால் வந்து நிற்பது எதுவும் பாடத்தில் இருந்ததாக ஒருவரும் வந்து சொன்னதில்லை. ஆஸ்பத்திரி ஜன்னல், கப்பல் ஆபீஸ் காகிதம், புதிதாக வந்த ஒரு இயந்திரம், புதிதாக வந்த ஒரு மருமகள். அங்கே போய், தெரியவில்லை, சொல்லுங்கள் என்று தலை நிமிர்ந்து கேட்கிற ஆள் எங்கேயாவது தென்பட்டால், மூன்றாம் வகுப்பில் யாரிடம் படித்தீர்கள் என்று கேட்பேன். பல தடவை நான் நினைத்த பெயர்தான் வரும்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அக்கரைக்குப் போனோம். கல்லறையில் ஜெபம் முடிந்ததும் தீர்த்தச் செம்பு கை மாறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராகப் போய்ப் பெட்டியின் மேல் தெளித்தார்கள். அடுத்து நான். நெற்றியில் விபூதியோடு நிற்கிறேன். நான் தெளிக்கலாமா, கூடாதா? தெளித்தால் அவர்கள் மனம் கோணுமா, தெளிக்காமல் நின்றால் அவருக்குக் குறையாகுமா? பக்கத்தில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி நின்றிருந்தாள். குனிந்து, இப்போது நான் என்ன செய்ய வேண்டும் அம்மா என்று கேட்டேன்.

"தெரியாதுங்க ஐயா. கேட்டுட்டு வரேன்."

அத்தனை பேர் நடுவில் நுழைந்து உபதேசியாரிடம் போய், அவர் வேட்டியைப் பிடித்து இழுத்துக் கேட்டுவிட்டு வந்தாள்.

"தெளிக்கலாமாம் ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச சாமிய நெனச்சுக்கிட்டுத் தெளிக்கச் சொன்னாரு."

தெளித்தேன்.